டெர்மினலில் ஓடும் வேலையைச் சாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

டெர்மினலை, அதாவது கட்டளை அடிக்கும் திரையை, மூடினால் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் வேலையும் சேர்ந்து செத்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று மணி நேரக் கல்யாண வீடியோ ஒன்றைப் பறிகொடுத்த பிறகுதான் தெரிந்தது.

எனக்குத் தங்கச்சிமடம். ராமநாதபுரத்தில் உள்ள ஸ்டுடியோக்காரர்களுக்கு வீடியோவைச் சுருக்கிக் கொடுப்பதுதான் தொழில். வீட்டில் உபுண்டு என்ற இலவச இயங்குதளம் போட்ட பழைய மெஷின் ஒன்று இருக்கிறது. சுருக்குவது எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசப் புரோகிராம். அன்றைக்கு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபடியே, தூரத்து மெஷினுக்குள் நெட் வழியாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் மூலம் போனிலிருந்து வீட்டு மெஷினுக்குள் நுழைந்து வேலையைத் தொடங்கிவிட்டு ராமேஸ்வரம் பஸ் ஏறினேன். உச்சிப்புளி தாண்டியதும் டவர் போய்விட்டது. மண்டபத்தில் திரும்பக் கிடைத்து, இணைந்து பார்த்தால் திரை காலி. வேலை செத்துவிட்டது என்று நினைத்து, பழைய ஃபைலின் மேலேயே எழுது என்ற உத்தரவோடு அதே கட்டளையை மறுபடி அடித்தேன்.

முதல் வேலை சாகவில்லை. லைன் அறுந்ததை மெஷின் இன்னும் உணராததால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே ஃபைலில் மாறிமாறி எழுதியிருக்கின்றன. வீட்டுக்கு வந்து மெஷின் திணறுவதைப் பார்த்துப் பதறி, எங்கேயோ படித்த 'கில் ஹைபன் 9' என்ற, வேலையை அந்த நொடியே வெட்டும் கட்டளையை அடித்தேன். காலையில் ஸ்டுடியோ அண்ணன் போன் செய்தார்: "தம்பி, பொண்ணு வீட்டுக்காரங்க வந்து உட்கார்ந்திருக்காங்க. ஃபைல் திறக்கவே மாட்டேங்குது."

அந்தக் காலைப் பொழுது உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வீடியோ வேலையே செய்யாதவருக்கும் இது பொருந்தும். பெரிய டவுன்லோடு, பேக்கப், கணக்கு ஓட்டுவது என்று நேரம் பிடிக்கிற எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

ஒரு விஷயம். கட்டளைகளைப் போனில் ஒருவருக்குச் சொல்வதுபோல ஒலியில் எழுதியிருக்கிறேன். கீழக்கரையில் இருக்கும் என் மச்சானுக்கு இப்படித்தான் போனிலேயே சொல்லிக் கொடுத்தேன், சரியாகவே அடித்தார். அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்வேன். 'பி'யும் 'டி'யும் குழப்பும் இடத்தில் 'பஸ் பி', 'பாஸ்வேர்டு பி', 'டாலர் டி', 'டெர்மினல் டி' என்று பிரித்துச் சொல்வேன். 'ஹைபன்' என்றால் சிறு கோடு, அதற்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் உண்டு.

1. தொடங்கும் முன்: என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

இங்கே சொல்லும் எல்லாப் புரோகிராமும் இலவசம். வீட்டு மெஷின் என்றால் கரண்டுச் செலவு மட்டும்தான். 150 வாட் இழுக்கும் மெஷின் ஏழு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட்.

வாடகைக்கு சர்வர் எடுத்துப் பழகுவதென்றால் ரொம்பச் சின்னது மாதம் ஐந்தாறு டாலருக்குக் கிடைக்கும். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். பணம் கட்டும் இடத்தில்தான் பலர் முட்டிக்கொள்கிறார்கள். நம் வங்கி கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். வங்கி ஆப்பில் போய் அதைத் திறந்து, ஒரு வரம்பும் வைத்துவிட்டு அப்புறம் பதிவு செய்யுங்கள். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். சர்வரை வெறுமனே அணைத்து வைத்தால் பல இடங்களில் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், அழித்தால்தான் நிற்கும்.

கையில் இருக்க வேண்டியவை: மெஷினின் முகவரி, யூசர் பெயர், பாஸ்வேர்டு, ஒரு நோட்டு. நோட்டைச் சும்மா சொல்லவில்லை, மூன்றாம் படியில் தேவைப்படும். கூடவே மெஷினுக்குள்ளேயே ஒவ்வொரு கட்டளைக்கும் கையேடு இருக்கிறது. 'மேன் கில்' என்று அடித்தால் கில் கட்டளையின் கையேடு திறக்கும். வெளியே வர 'கியூ' எழுத்தைத் தட்டுங்கள். தெரியாமல் உள்ளே மாட்டிக்கொண்டு டெர்மினலையே மூடியவர்களில் நானும் ஒருவன்.

பழகுவதற்கு இரண்டு சாயங்காலம் போதும். நிஜ வேலையில் கை வைக்காமல் 'ஸ்லீப் 600' என்று ஓடவிட்டுப் பழகுங்கள். 600 நொடி, அதாவது பத்து நிமிடம், ஒன்றுமே செய்யாமல் தூங்கும் ப்ராசஸ் அது. எத்தனை முறை கொன்றாலும் பாவமில்லை.

2. முதலில் டிமக்ஸ், அப்புறம்தான் வேலை

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமைத்தான் ப்ராசஸ் என்கிறோம். நீங்கள் தொடங்கிய ப்ராசஸ் உங்கள் டெர்மினலோடு கட்டப்பட்டிருக்கிறது. டெர்மினல் மூடினாலோ, லைன் அறுந்ததை மெஷின் உணர்ந்தாலோ, 'ஹேங்கப்' என்ற சிக்னல், அதாவது ப்ராசஸுக்கு அனுப்பும் ஒரு குறுஞ்செய்தி, போகும். பெரும்பாலான புரோகிராம்கள் அதோடு காலி.

இதற்கு டிமக்ஸ் என்ற புரோகிராம் இருக்கிறது. எழுத்து: டெர்மினல் டி, எம், யு, எக்ஸ். மெஷினுக்குள் ஒரு தனி டெர்மினலை உருவாக்கி அதைத் தானே பிடித்துக்கொள்ளும். உங்கள் போன் அணைந்தாலும் உள்ளே வேலை நடக்கும். உபுண்டுவில் 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் டிமக்ஸ்' என்றால் ஒரு நிமிடத்தில் வந்துவிடும் ('சுடோ' என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு செய் என்று அர்த்தம்).

'டிமக்ஸ் நியூ ஹைபன் எஸ் கல்யாணம்' என்று தொடங்குங்கள். கல்யாணம் என்பது நான் வைக்கும் பெயர், உங்களுக்குப் பிடித்ததை வைக்கலாம், ஆனால் ஆங்கில எழுத்தில். உள்ளே போய் வேலையை ஓடவிட்ட பிறகு, கன்ட்ரோலை அழுத்தியபடி 'பஸ் பி', இரண்டையும் விட்டுவிட்டு 'டாலர் டி'. வெளியே வந்துவிடுவீர்கள், வேலை உள்ளே ஓடும். பிறகு எங்கிருந்து இணைந்தாலும் 'டிமக்ஸ் அட்டாச்' அடித்தால் விட்ட இடத்திலேயே திரை வரும். எத்தனை திறந்திருக்கின்றன என்று பார்க்க 'டிமக்ஸ் எல் எஸ்'.

இதில் ஒரு குழி இருக்கிறது. முதலில் எஸ்எஸ்எச் வழியாக மெஷினுக்குள் நுழைந்து, அதற்குப் பிறகுதான் டிமக்ஸைத் தொடங்க வேண்டும். போனிலேயே டிமக்ஸைத் தொடங்கி அதற்குள்ளிருந்து எஸ்எஸ்எச் போனால், போனில் இருக்கும் திரைதான் பத்திரமாக இருக்கும், மெஷினில் ஓடும் வேலை பழையபடி அந்தரத்தில்தான். இதை நான் இரண்டு முறை செய்தேன். இன்னொன்று: மெஷினே அணைந்து திரும்ப எழுந்தால் டிமக்ஸும் இருக்காது.

டிமக்ஸ் இல்லாத மெஷினில் அவசரத்துக்கு 'நோஹப்' இருக்கிறது. கட்டளைக்கு முன்னால் அந்தச் சொல்லையும் கடைசியில் ஆம்பர்சண்ட் (&) குறியையும் போட்டால், ஹேங்கப்பைக் காதில் வாங்காமல், திரையையும் பிடித்துக்கொள்ளாமல், பின்னால் ஓடும். திரையில் வர வேண்டியதெல்லாம் 'நோஹப் புள்ளி அவுட்' என்ற ஃபைலில் சேரும்.

3. என்ன ஓடுகிறது என்று பாருங்கள்

மண்டபத்தில் நான் செய்யத் தவறியது இந்தப் படிதான். எதையும் மறுபடி தொடங்கும் முன், கொல்லும் முன், இதைச் செய்யுங்கள்.

'பிகிரெப் ஹைபன் ஏ எஃப்எஃப்எம்பெக்'. பிகிரெப் என்பதன் எழுத்து: பாஸ்வேர்டு பி, ஜி, ஆர், இ, மறுபடி பாஸ்வேர்டு பி. அந்தப் பெயரில் ஓடும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வரும். முதலில் ஓர் எண், பிறகு அதைத் தொடங்கிய முழுக் கட்டளை. அன்று இதை அடித்திருந்தால் 4127 என்று ஒரு வரி, பக்கத்திலேயே என் வீடியோ ஃபைலின் பெயர் என்று வந்திருக்கும். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

அந்த எண்ணுக்கு பிஐடி என்று பெயர். நோட்டில் குறியுங்கள்: எண், எந்த ஃபைல், எத்தனை மணிக்குத் தொடங்கியது. நேற்று குறித்த எண்ணை இன்று நம்பாதீர்கள். பழைய ப்ராசஸ் போன பிறகு அதே எண்ணை மெஷின் வேறொன்றுக்குக் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும் பார்க்க 'பி எஸ்' (பாஸ்வேர்டு பி), ஸ்பேஸ் விட்டு 'ஏ யு எக்ஸ்'. நீளமான பட்டியல் வரும். அதில் 'டைம்' என்ற பத்தியைப் பார்த்துப் பலரும் ஏமாறுகிறார்கள். அது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது அல்ல, சிபியுவை எவ்வளவு நேரம் பயன்படுத்தியது என்பது. எப்போது தொடங்கியது என்பது 'ஸ்டார்ட்' பத்தியில் இருக்கும்.

ஓட ஓடப் பார்க்க 'டாப்'. பெரிய எழுத்தில் 'எம்' தட்டினால் மெமரி அதிகம் தின்பது மேலே வரும். பெரிய 'பாஸ்வேர்டு பி' தட்டினால் சிபியு தின்பது. வெளியே வர 'கியூ'. சிபியு 380 சதவீதம் என்று காட்டினால் பயப்படாதீர்கள். ஒரு கோருக்கு 100 என்று கணக்கு, நாலு கோர் இருந்தால் 400 வரை போகும். வீடியோ சுருக்கும்போது அப்படிப் போவதுதான் சரி.

4. முன்னால், பின்னால்

ஓடும் வேலையைக் கன்ட்ரோலோடு 'இசட்' அழுத்தி நிறுத்தி வைக்கலாம். செத்துவிடவில்லை, உறைந்து நிற்கிறது. 'ஜாப்ஸ்' என்றால் பட்டியல் வரும், 'எஃப் ஜி' என்றால் முன்னால் வந்து தொடரும், 'பி ஜி' (பஸ் பி) என்றால் பின்னால் ஓடும். கட்டளையின் கடைசியில் ஆம்பர்சண்ட் போட்டால் முதலிலிருந்தே பின்னால்தான்.

எஃப்எஃப்எம்பெக்கைப் பின்னால் ஓடவிட்டால் ஒரு வில்லங்கம் உண்டு. நீங்கள் ஏதாவது கீ தட்டுகிறீர்களா என்று அது டெர்மினலை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பின்னால் இருக்கும் ப்ராசஸ் டெர்மினலைப் படிக்கப் போனால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை நிறுத்தி வைத்துவிடும். நீங்கள் ஓடுகிறது என்று நினைத்து மீன் வாங்கப் போயிருப்பீர்கள், திரும்பி வந்தால் 'ஸ்டாப்டு' என்று நிற்கும். கட்டளையில் 'ஹைபன் நோஎஸ்டிடிஇன்' சேர்த்துவிடுங்கள், எட்டிப் பார்ப்பதை விட்டுவிடும். டிமக்ஸுக்குள் முன்னாலேயே ஓடவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

திரை திடீரென்று உறைந்து எந்தக் கீயும் வேலை செய்யவில்லையா? பெரும்பாலும் கை தவறிக் கன்ட்ரோலோடு 'எஸ்' தட்டியிருப்பீர்கள். கன்ட்ரோலோடு 'கியூ' தட்டினால் உயிர் வரும். இதற்காக மெஷினை அணைத்தவர்களை எனக்குத் தெரியும்.

5. நிறுத்துவது

கில் என்ற பெயர்தான் கெட்ட பெயர். அது செய்வது சிக்னல் அனுப்புவது மட்டுமே. 'கில் 4127' என்று எண்ணோடு மட்டும் அடித்தால் 15ஆம் சிக்னல் போகும். "கையில் இருப்பதை முடித்துக்கொண்டு கிளம்பு" என்று சொல்வது மாதிரி. 'கில் ஹைபன் 2 4127' என்றால் கன்ட்ரோலோடு 'சி' அழுத்தியதற்குச் சமம். 9ஆம் சிக்னல் அப்படியல்ல. ப்ராசஸிடம் எதுவும் சொல்லப்படுவதே இல்லை, கெர்னல் நேராகப் போய் வெட்டிவிடுகிறது.

எம்பி4 ஃபைலில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். 15 அல்லது 2 அனுப்பினால் எஃப்எஃப்எம்பெக் அந்த அட்டவணையை எழுதிவிட்டு வெளியேறும். பாதி வீடியோவாக இருந்தாலும் திறக்கும். 9 அனுப்பினால் அட்டவணை இல்லை, ஐந்து ஜிபி ஃபைல் இருந்தும் 'மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். ஹேங்கப்பிலும் இதே கதைதான். என் ஃபைலில் இரண்டு பேர் எழுதிய குழப்பம் வேறு, தப்பிக்க வழியே இல்லை.

ஆகவே என் வரிசை இது. எஃப்எஃப்எம்பெக் திரை முன்னால் இருந்தால் 'கியூ' தட்டு. இல்லையென்றால் 'கில்' எண்ணோடு மட்டும். பத்து நொடி பொறு, பிகிரெப்பில் பார். பெரிய ஃபைல் என்றால் ஒரு நிமிடம் வரை பொறு. அப்போதும் இருந்தால் 2. எல்லாம் தோற்ற பிறகுதான் 9. அவசரத்தில் கன்ட்ரோல் 'சி'யைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். மூன்று முறைக்கு மேல் போனால் எஃப்எஃப்எம்பெக் அட்டவணையை எழுதாமலே ஓடிவிடும்.

இங்கே இன்னும் சில குழிகள்.

'கில்ஆல் எஃப்எஃப்எம்பெக்' என்றால் அந்தப் பெயரில் ஓடும் உங்கள் வேலை அத்தனையும் போகும். ஒரே நேரத்தில் இரண்டு வாடிக்கையாளர் வீடியோ ஓடினால் இரண்டும்.

'பிகில் ஹைபன் எஃப்' கொஞ்சம் விவகாரமானது. பெயரை மட்டும் பார்க்காது, முழுக் கட்டளை வரியிலும் தேடும். பாம்பன் என்று பெயர் வைத்த ஃபோல்டரில் ஓடிய வேலையை நிறுத்த அந்தச் சொல்லைக் கொடுத்தேன். அதே ஃபோல்டரில் எடிட்டரில் திறந்து வைத்திருந்த பில் கணக்கும் சேமிக்காமலே போனது. அதே சொல்லை முதலில் 'பிகிரெப் ஹைபன் ஏ ஹைபன் எஃப்' என்று கொடுத்து, யார் யார் மாட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஜாப்ஸ் பட்டியலில் உள்ள 1ஆம் வேலையை நிறுத்த சதவீதக் குறி போட்டு 'கில் %1' என்று அடிக்க வேண்டும். குறியை மறந்தால் அது 1ஆம் எண் ப்ராசஸ், அதாவது மொத்த மெஷினையும் தொடங்கி வைத்த தாய். சாதாரண யூசருக்கு அனுமதி இல்லை என்று வந்துவிடும். அப்படி வந்ததும் முன்னால் 'சுடோ' சேர்த்து அடிக்கத் தோன்றும், அடிக்காதீர்கள். தவறான எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதைத்தான் மெஷின் அப்படிச் சொல்கிறது.

எண்ணின் இடத்தில் 'ஹைபன் 1' மட்டும் போடவே போடாதீர்கள். உங்களால் தொட முடிந்த எல்லா ப்ராசஸுக்கும் அந்தச் சிக்னல் போகும்.

6. சொன்னாலும் போகாதவை

'பி எஸ்' பட்டியலில் 'ஸ்டாட்' என்று ஒரு பத்தி உண்டு. அதில் 'இசட்' இருந்தால் ஸாம்பி. அது ஏற்கெனவே செத்துவிட்டது. தாய் ப்ராசஸ் வந்து கணக்கு முடிக்காததால் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது. மெமரி தின்னாது. விடுங்கள்.

'டாலர் டி' இருந்தால் டிஸ்க் பதில் சொல்வதற்காகக் காத்திருக்கிறது. 9 அனுப்பினாலும் அது மீளும்வரை எதுவும் நடக்காது. எங்கள் பக்கம் இதற்குப் பெரும்பாலும் காரணம் உப்புக்காற்று. வெளியில் மாட்டும் ஹார்டு டிஸ்கின் யூஎஸ்பி முனை பச்சை பூத்து, தொட்டால் ஆடும். கேபிளைச் சரியாக அழுத்திப் பாருங்கள், மாற்றிப் பாருங்கள். எதற்கும் மசியவில்லை என்றால் ரீஸ்டார்ட்தான்.

கொன்றதும் வேறு எண்ணில் திரும்ப எழுந்து வருகிறதா? அது சர்வீஸ். செத்தால் எழுப்பிவிடு என்று சொல்லி வைத்திருப்பார்கள். 'சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' என்று சர்வீஸ் பெயரோடு அடியுங்கள். சில நேரம் 90 நொடி வரை இழுக்கும். அது வழக்கமான கெடுதான், அதற்குள் குறுக்கே போகாதீர்கள்.

7. கொல்லாமல் அடக்குவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகு கரையில் நிற்கும் அந்த 61 நாளில்தான் எனக்கு விசேஷ வீடியோக்கள் குவியும், வெயிலும் அப்போதுதான் கொளுத்தும். மதியம் மெஷின் விசிறி கத்தத் தொடங்கினால் 'கில் ஹைபன் ஸ்டாப்' என்று எண்ணோடு அடித்து நிறுத்தி வைக்கிறேன், ஸ்டாப் மட்டும் பெரிய எழுத்தில். சாயங்காலம் காற்று வந்ததும் 'கில் ஹைபன் கான்ட்', அதுவும் பெரிய எழுத்தில், சி ஓ என், டெர்மினல் டி. விட்ட இடத்திலிருந்து தொடரும். நிற்கும் நேரத்திலும் பிடித்த மெமரியை விடாது என்பதை மறக்க வேண்டாம்.

ஓடவும் வேண்டும், மற்ற வேலைக்கு வழியும் விட வேண்டும் என்றால் 'நைஸ் ஹைபன் என் 10' என்று கட்டளைக்கு முன்னால் போடுங்கள். எண் கூடக்கூடப் பணிவு கூடும், 19 வரை. ஓடுவதை மாற்ற 'ரீநைஸ்'. சாதாரண யூசரால் பொதுவாகக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது.

8. தானாகச் செத்திருந்தால்

வேலை நின்றவுடன், வேறு எதையும் அடிக்கும் முன், 'எக்கோ' ஸ்பேஸ் டாலர் குறி, ஒட்டியே கேள்விக்குறி. ஓர் எண் வரும். 0 என்றால் நல்லபடி முடிந்தது. 128க்கு மேல் என்றால் பெரும்பாலும் சிக்னல், 128ஐக் கழித்தால் எந்தச் சிக்னல் என்று தெரியும். 137 வந்தால் 9. நீங்கள் அனுப்பவில்லையே என்றால் மெமரி தீர்ந்து கெர்னலே வெட்டியிருக்கலாம். 'சுடோ டிமெசெஜ்' அடித்து, கடைசிப் பக்கம் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். டிமெசெஜ் எழுத்து: டாலர் டி, எம், இ, எஸ், ஜி. இருந்தால் இரண்டு வேலையை ஒரே நேரத்தில் ஓடவிடாதீர்கள்.

டிஸ்க் நிறைந்திருந்தாலும் நின்றுபோகும். 'டி எஃப் ஹைபன் எச்' (டாலர் டி) பாருங்கள். பெரிய ஃபைலை அழித்தும் இடம் கூடவில்லையா? ஏதோ ஒரு ப்ராசஸ் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த ப்ராசஸ் முடிந்தால்தான் இடம் திரும்பும்.

9. கரண்டு போனால்

மழைக்காலத்தில் இது எனக்கு வாடிக்கை. என் யூபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும். பீப் சத்தம் வந்ததும் டிமக்ஸில் நுழைந்து 'கியூ'. வெளியூரில் இருந்தால் அதற்கும் வழியில்லை. அதனால் இப்போதெல்லாம் எம்பி4 ஆக எழுதுவதே இல்லை, எம்கேவி ஆக எழுதுகிறேன். பாதியில் அறுந்தாலும் அறுந்த இடம் வரை ஓடும் வகை அது. வேலை முழுதும் முடிந்த பிறகு எஃப்எஃப்எம்பெக்கிலேயே 'ஹைபன் சி காப்பி' போட்டு எம்பி4 ஆக மாற்றிக் கொடுக்கிறேன். மறுபடி சுருக்குவதில்லை, பெட்டியை மாற்றுவது மட்டும்தான். மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு என் பழைய மெஷினில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.